காபரேட்டருக்கு ஆறாவது வெள்ளி

"ஊசியால குத்தாத புள்ள! ஜெட்டுட துவாரம் பெருத்தா எஞ்சின் பெற்றோலக் குடிச்சுத் தள்ளும். ஊது, வாயால ஊது!"

அடைப்பை ஊசியால் எடுக்கப் போவதாக றுக்ஷானா சொன்னதுதான் தாமதம், கைப்பேசிக்குள் அலறினான் அவள் கணவன் இஷாம். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அவனுக்குக் கேட்கும்படி 'ஃபூ... ஃபூ...' என்று ஊதினாள்.

காத்தான்குடி வீட்டு முற்றத்தில் பொனட் திறந்தபடி நின்றது அவர்களுடைய பழைய சன்னி கார். கழற்றிக் கழுவிய காபரேட்டர் சாமான்கள் உம்மாவின் இடியப்பத் தட்டுகளில் காய்ந்துகொண்டிருந்தன. உம்மா கண்டால் வீடு இரண்டாகிவிடும். நல்ல வேளை, அவர் ஏறாவூருக்குப் போயிருந்தார். தங்கை முப்லிஹா தன் கைப்பேசியும் கையுமாகப் படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள்.

இஷாம் கட்டாருக்குப் போய் எட்டு மாதம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான் என ஊரில் அவனுக்குப் பெரிய பேர். அங்கே கிடைத்ததோ பெட்டி அடுக்கும் வேலை. ஆளே மாறிப்போனான். "சாப்பிட்டியா? நானும் சாப்பிட்டன். வைக்கட்டா?" அவ்வளவுதான் பேச்சு. தான் கல்யாணம் முடித்த மனிதன் எங்கே தொலைந்தான் என்று றுக்ஷானா எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை, கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாள். அன்று ஒன்றரை மணி நேரம் பேசினான். சிரிக்கவும் சிரித்தான். ஊரை விட்டுப் போன பிறகு அவள் கேட்ட முதல் சிரிப்பு அது.

இன்று ஆறாவது வெள்ளி. இன்னும் அதே காபரேட்டர்தான்.

"ஃப்ளோட்டக் காதுக்கிட்ட வெச்சு ஆட்டிப் பாரு. உள்ளுக்க பெற்றோல் ஆடுற சத்தம் கேக்குதா?"

"இல்ல."

"அப்ப ஓட்டையில்ல. ஏர் ஸ்க்ரூவ என்ன செய்யணும்?"

"முழுக்க இறுக்கிட்டு, ரெண்டரச் சுத்து பின்னுக்கு."

"பாத்தியா! நான் வந்தா நீதான் பாஸ், நான் உனக்கு ஸ்பானர் எடுத்துத் தாற ஆள்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

முப்லிஹாவுக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், சந்திக் கராஜில மெக்கானிக் அசனார் நானா இரிக்காரு. கூப்பிட்டா அரை மணித்தியாலத்தில முடிச்சிருவாரே?"

"வேணா!" இஷாமின் குரல் எகிறியது. "வேற ஒருத்தரும் கை வைக்கப்படா. உங்கட ராத்தாவே செய்வா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இண்டைக்கு என்ன கறி?" என்றான்.

"முட்டை," என்றாள் றுக்ஷானா. "கடல் கொந்தளிப்பு. மூணு நாளா ஒரு மீன்காரனும் இந்தப் பக்கம் வரல்ல."

"ம்... சரி, பூட்டு. ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம்."

அவள் கழற்றிய சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டி முடிக்கும்வரை, அறையில் கூட இருக்கும் சாலிஹின் குறட்டையை அவன் அப்படியே செய்து காட்டினான். அவள் சிரித்த சிரிப்பில் ஒரு திருகாணி காருக்கடியில் உருண்டு, முப்லிஹா குனிந்து தேடியெடுக்க வேண்டியதாயிற்று.

"ஸ்டார்ட் பண்ணுறன். கேளுங்க."

இருமல் சத்தம் கிளம்பியது. புட்... புட்... புட்... நடுவே, "சூரை! சூரை! துடிக்கத் துடிக்கச் சூரை!" என்று ஒரு குரல். கடைசியில் பெரிதாக ஒரு 'புட்'. அடங்கிவிட்டது.

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது.

"சரிவரல்ல," என்றான் இஷாம். "ஜெட்டுக்குள்ள இன்னும் ஊத்தை இரிக்கி. அடுத்த வெள்ளி திரும்பக் கழட்டுவம். கவலப்படாத புள்ள."

"நீங்க சொல்லித்தரக்குள்ள எனக்கென்ன கவல?"

பேசியது ஒரு மணி நாற்பது நிமிடம்.

அழைப்பு முடிந்ததும் முப்லிஹா தன் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "முதல் வெள்ளி நான் பதிஞ்ச சத்தத்த இன்னும் எத்தன கிழமைக்குப் போட்டுக் காட்டுற ராத்தா? கார் அண்டைக்கே சரியாகிட்டு. பாவம் மச்சான்!"

"அந்தாள் சிரிச்சிக்கொண்டிரிக்கும் மட்டும் போடுவன். நீ ஏறு."

றுக்ஷானா சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? காத்தான்குடியிலேயே ஆறு தரம் கழுவிய காபரேட்டர் அது ஒன்றுதான்.

கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்துப் பக்கம் போனார்கள். பாலத்தை நெருங்கும்போதே வாவிக் காற்று முகத்தில் அடித்தது. றுக்ஷானாவுக்கு வாய்விட்டுப் பாட வேண்டும்போல் அவ்வளவு சந்தோஷம். இன்று அவன் மூன்று தரம் சிரித்தான். அவள் எண்ணி வைத்திருந்தாள்.

கைப்பேசி சிணுங்கியது. இஷாம் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். காரை ஓரங்கட்டிப் போட்டுக் கேட்டாள். பேச்சுக்கு முன்னால் சிரிப்புத்தான் வந்தது. இது நாலாவது.

"றுக்ஷா, அடுத்த வெள்ளியும் மறக்காமக் கழட்டு, நான் சொல்லித்தாறன். சத்தத்த மட்டும் புதுசாப் பதிஞ்சு வை புள்ள. மூணு நாளா மீன்காரனே வராத ஊருக்குள்ள அந்த மனிசன் ஆறு வெள்ளியா அதே சூரை மீனத்தான் வித்துக்கொண்டிரிக்கான்!"