நீட்டிய கை

நீட்டிய கையில் கத்தியை வைக்காமல், தட்டிலேயே திரும்ப வைத்தாள் நர்ஸ் லிகாயா. ஆபரேஷன் மேஜையில் ஒரு மீனவரின் மகள் மயக்கத்தில் கிடந்தாள். குடல்வால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம்.

"என்ன விளையாட்டு இது? கத்தியக் குடு!" என்றார் டாக்டர் வில்லருஸ். இலோய்லோ நகரத்தில் அவரை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

"மன்னிச்சிடுங்க டாக்டர், தர மாட்டேன். பக்கத்து தியேட்டர்ல எஸ்பினா டாக்டர் இருக்காரு, அவரைக் கூப்பிடுங்க."

தலைமை நர்ஸ் நெனிதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "யாரால நீ இந்த வேலைக்கு வந்தேன்னு மறந்துபோச்சாடி? அவர் சோத்தத் தின்னுட்டு அவர் மானத்தையே வாங்குறியே!"

"காரணத்தச் சொல்லட்டும்" என்று உறுமினார் டாக்டர்.

"காலையில உங்க கையை எடுத்து நெத்தியில வச்சுக்கிட்டேன். கை நடுங்குச்சு."

பெரியவர் கையை அப்படி நெற்றியில் ஒற்றி ஆசி வாங்காதவர் அந்த ஆஸ்பத்திரியிலேயே இல்லை. நடுக்கம் அவர்களுக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? மயக்க மருந்து டாக்டர் சுவரைப் பார்த்தார். வாயைத் திறந்து பொல்லாப்பைத் தேடிக்கொள்ள யாருக்கு ஆசை!

"நான் கத்தி பிடிச்சப்ப நீ பொறக்கவே இல்ல!" என்றார் வில்லருஸ்.

"இப்பப் பிடிச்சுக் காட்டுங்க டாக்டர்." ஓர் இடுக்கியை நீட்டினாள்.

வாங்கித் தட்டின் மேல் பிடித்தார். இடுக்கி விளிம்பில் பட்டு கடகடவென்று அடித்துக்கொண்டது. எவ்வளவு இறுக்கியும் சத்தம் நிற்கவில்லை.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினார். எஸ்பினா ஓடி வந்தார்.

பெண் பிழைத்துக்கொண்டாள். கை கழுவும் இடத்தில் லிகாயா வந்ததும் மற்ற நர்சுகள் விலகிப் போனார்கள். "ஒரு பெரிய மனுஷனச் சந்தியில நிறுத்திட்டே. நல்லா இருப்படி!" என்று முகத்துக்கு நேரே சொன்னாள் நெனிதா.

லிகாயா அழுகையை அடக்கிக்கொண்டு நேராக வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனாள்.

காரில் டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் என்ன மிச்சம் இருக்கு? போ!" என்று சீறினார்.

அவள் போகவில்லை. கதவைத் திறந்தாள்.

"சாவியக் குடுங்க அப்பா, நான் ஓட்டுறேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."