வாசல் தொட்டி மீன்கள்

எங்கள் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியாக்களுக்கு வெல்லக்கரைசல் ஊற்றிக் காப்பது என் வேலை. பத்துநாள் தீபாவளி விடுமுறையில் அதை மறந்து ஊருக்குப் போய்விட்டேன். எல்லாம் செத்துப்போயின. சுத்திகரித்த நீரில் மீன் வாழ்கிறது என்று வருபவர்களுக்குக் காட்ட வாசலில் ஒரு கண்ணாடித்தொட்டி உண்டு. பட்டறை மறுபடி ஓடியதும் சுத்தமாகாத நீர் ஏறி அதிலிருந்த மீன்களும் செத்து மிதந்தன. யாரிடமும் சொல்லவில்லை. தொட்டியில் லாரித் தண்ணீர் நிரப்பிப் புதுமீன்கள் விட்டேன். சாயநீர் அப்படியே ஓடைக்குப் போனது. மறுவாரம் ஓடையோரத் தோட்டத்துப் பாவாத்தாள் வந்து தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்க கெணத்து மீனெல்லாம் செத்து மெதக்குதுங்க தம்பி. உங்க மீனு நல்லாருக்குது. ரெண்டு குடுத்தீங்கன்னா கெணத்துல உட்டுப் பாப்பனுங்க.”

அவர் முகத்தைப் பார்க்காமல் வலையால் இரண்டை அள்ளினேன். அவர் நீட்டிய குண்டாவில் கிணற்றுத் தண்ணீர் இருந்தது.