அந்தப் பத்து நாள்

அறுநூற்று இருபத்தொன்று.

முகாமிலிருந்து வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை. கைப்பேசியில் அவள் முதலில் பார்த்தது அந்த எண்ணைத்தான். தோழி பெனிட்டாவின் பெயருக்குப் பக்கத்தில், குட்டித் தீச்சுடரோடு பத்திரமாக இருந்தது.

இருவரும் தினம் ஆளுக்கொரு படம் அனுப்பினால் எண் ஏறும். ஒரு நாள் தவறினாலும் தீ அணைந்துவிடும். அப்பாவின் மாற்றலோடு பெனிட்டா தூத்துக்குடியை விட்டு ஓசூருக்குப் போன நாளிலிருந்து எரிகிற தீ அது.

என்.சி.சி. முகாமுக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்றார்கள். பெனிட்டாவிடம் சொல்லாமல், ஏழாம் வகுப்புத் தங்கை ஜோவிதாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தினம் ஒரு படம் போதும், சுவரை எடுத்து அனுப்பு, ஒரு வார்த்தை பேசாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அது கேட்கிற ஜென்மமா.

முதல் நாள் சுவர்தான். சுவரில் ஒரு பல்லி. கீழே எழுதியிருந்தது: "ஹெச்.எம். ரவுண்ட்ஸ் வாராரு. கெக்கெக்கே."

மறுநாள் கோணல் தோசை. "இது எந்த மாநிலம்? அஞ்சு மார்க்."

"முடியலட்டி, வயிறு வலிக்கி" என்று பெனிட்டா.

அவளுக்கு இருபது மாதத்தில் ஒரு முறைகூடப் பெனிட்டா இப்படி எழுதியதில்லை.

எட்டாம் நாள் பெனிட்டா எழுதியிருந்தாள்: "இங்க எனக்குக் கூட்டே கிடையாதுட்டி. தனியாதான் சாப்பிடுதேன்."

ஜோவிதா தன் சோற்றுத் தட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "வா, சேந்து சாப்பிடுவோம்."

அதை இரண்டு முறை படித்தாள். பொறாமைதான், வேறென்ன. ஆனால் யார் மேல் படுவது? ஒவ்வொரு வரிக்கும் மேலே இருந்தது அவளுடைய சொந்தப் பெயர்.

தன் காலணியைப் படம் எடுத்து அனுப்பினாள். "வந்தாச்சு. சாப்டியா?"

இரண்டு காலணிகளையும் கழற்றி வைத்தாள். பிறகுதான் பதில் வந்தது.

"எங்கட்டி போயிட்டு வந்த? பத்து நாளா எப்படிச் சிரிக்க வச்ச. இப்ப ஏன் உம்முன்னு இருக்க?"

கதவோரம் ஜோவிதா தலையை நீட்டினாள். "பெனிட்டாக்கா என்னக்கா சொல்லுதாங்க?"

"ஒண்ணும் சொல்லல. போய்ப் படி."

தங்கை போகும்வரை காத்திருந்தாள்.

உண்மையைச் சொல்ல ஒரு வரி அடித்தாள். அழித்தாள். இன்னொரு வரி அடித்தாள். அதையும் அழித்தாள்.

கடைசியில் எழுதினாள்.

"கெக்கெக்கே."

மறுநொடியே ஓசூரிலிருந்து பதில் வந்தது.

"அப்பாடா. வந்துட்டியாட்டி."