தூண் நிழல்

மரகதவல்லியின் அப்பா இறந்த மூன்றாம் நாள், துக்கம் கேட்க அத்தை செங்கமலம் வந்தாள். வாசலிலேயே மரகதவல்லியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழத் தொடங்கினாள். உடனே வீடு விழித்துக்கொண்டது. சுவர்கள் இளமஞ்சளாக ஒளிர்ந்தன. மூலையில் கிடந்த நிழல்கள் கரைந்தன. கூடம் முழுக்கப் பொங்கல் காலை வெயில் போல வெளிச்சம் பரவியது. இந்தக் குடியிருப்பில் எந்த வீடும் தன் ஆட்களைச் சோகமாக இருக்க விடாது. விளம்பரத்தில் அதைத்தான் முதலில் போட்டிருந்தார்கள்.

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. "காப்பி இருக்கா?" என்று சிரித்தபடி கேட்டாள். கேட்டதும் அவளுக்கே பக்கென்றது. "என்னடி இது! போனது என் கூடப்பொறந்த அண்ணன். எனக்குச் சிரிப்பு வருதே!"

"கீழ போயிடலாம் அத்தை. கார் நிறுத்துற இடத்துல மட்டும்தான் இந்த லைட்டு இல்ல."

கீழே, கடைசித் தூணுக்குப் பின்னால் நல்ல இருட்டு. காவலாளி குறுக்கே வந்தார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. ஏழாவது மாடிக்காரம்மா அங்க அழுதுட்டு இருக்காங்க."

"ஐயோ, அவங்க வீட்டுல யாரு தவறிட்டாங்க?" என்றாள் அத்தை.

"யாரும் தவறலம்மா. அவங்க தினமும் வர்றவங்க."