இரண்டாம் கேமரா

டீக்கடை டி.வி.யில் உலகக் கோப்பை ஆட்டம் ஓடினால் போதும், கோமதிசங்கர் சாருக்கு இளக்காரம் பொங்கிவிடும்.

“ஒரு கோலுக்கு எவ்வளவு நேரமா டி.வி. பாக்கான் பாருங்க வே! இவனெல்லாம் ஒரு ரெப்ரியா? நம்ம ஊரு மேட்சுல நான் ஒத்தக் கண்ணால பாத்து ஒரே விசில்ல சொல்லிருவேன்.”

அவர் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். வட்டாரத்தில் எங்கே கால்பந்து நடந்தாலும் அவர்தான் நடுவர். இந்தப் பெருமையைத் தினமும் கேட்டுக் கேட்டு, போட்டிக் கமிட்டித் தலைவர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி இந்த வருடம் பிளெக்ஸே அடித்துவிட்டார்: ‘சேரன்மகாதேவியில் முதன்முறையாக வீடியோ ரிவ்யூ!’

அதற்கு அமர்த்தியது கல்யாண ஸ்டுடியோ டெனிஸை. கல்யாணங்களில் அவன் இரண்டாம் கேமரா. தாலி கட்டுவதை முதலாளி எடுப்பார். அட்சதை போடும் சனத்தை எடுப்பது டெனிஸின் வேலை. முதலாளிக்கு அன்று பெரிய முகூர்த்தம் ஒன்று இருந்ததால், ஒற்றைக் கேமராவோடு டெனிஸ் மட்டும் மைதானத்துக்கு வந்திருந்தான்.

இறுதி ஆட்டம். முக்கூடல் ஒரு கோல் முன்னால் இருந்தது. கடைசி நிமிடத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்காரன் ஒருவன் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு நேரே கீழே விழுந்தது. கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? அதற்குள் கோல்கீப்பர் அதை வாரி அணைத்துக்கொண்டான். பந்து காலை விட்டுக் கிளம்பியபோதே கோல்தான் என்று முடிவுகட்டி, ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் கூட்டி வந்திருந்த மேளக்காரர்கள் கெட்டிமேளமே கொட்டிவிட்டிருந்தார்கள்.

“கோல் இல்லை!” என்று விசிலை ஊதினார் கோமதிசங்கர்.

உண்மை என்னவென்றால், அந்த நேரம் பார்த்து நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி, அவர் இரண்டு கண்களையும் இறுக்க மூடியிருந்தார். கோட்டோரம் கொடி பிடிக்க வேண்டியவரோ, ஓடமாட்டாமல் நடு மைதானத்திலேயே நின்றுவிட்டார்.

“வெளிநாட்டுக்காரன் மட்டுந்தான் பாக்கணுமா? எங்களுக்கும் போட்டுக் காட்டுங்கவே!” கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். “ஏலே, பைய இருங்க. டெனிசு கேமரா கார்டோட உள்ள போயிருக்கான். இந்தா, இப்பத் திரையில போட்டுருவோம்.”

கோமதிசங்கர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். கொல்கத்தாவில் நடக்கவிருக்கும் தேசிய நடுவர் முகாமுக்கு ஆள் தேர்ந்தெடுக்க வந்த அதிகாரி, மேடையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடக் கனவு. பந்து உள்ளே விழுந்திருந்தால் இன்றோடு எல்லாம் போச்சு.

தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல நடந்து, விளையாட்டுச் சாமான் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

உள்ளே டெனிஸ் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் லேப்டாப். தரையில் மெமரி கார்டு. கையில், பிள்ளைகள் குண்டெறிதலுக்கு வைத்திருக்கும் இரும்புக் குண்டு. அவரைக் கண்டதும் வெலவெலத்துப் போனான்.

“யாரும் கார்டப் பறிக்க வந்தா மண்டையில போடவாலே குண்டத் தூக்கி வச்சிருக்க?”

“ஆ... ஆமா சார். ஒரு பாதுகாப்புக்கு.”

பொடிப்பயலுக்கு இருக்கிற நேர்மை தனக்கு இல்லையே என்று கோமதிசங்கருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

“டெனிசு, ஒங்கிட்ட என்ன ஒளிவுமறைவு. அந்தப் பந்த நான் பாக்கலலே. கண்ணுல வேர்வ. இது திரைக்குப் போச்சுன்னா என் மானம் போயிரும்.”

டெனிஸ் குண்டை இன்னொரு கைக்கு மாற்றினான்.

“தையில என் மவ சுகிர்தாவுக்குக் கல்யாணம். ஒன் முதலாளி வேண்டாம். நீதான் ஒண்ணாங் கேமரா. தாலி கட்டுதத நீதான் எடுக்க.”

டெனிஸ் கார்டைப் பார்த்தான். குண்டைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான்.

“மனசாட்சி ஒத்துக்கிட மாட்டேங்கு சார். ஆனா ஒங்க மொகத்தப் பாத்தா பாவமா இருக்கு” என்று குண்டை அவரிடமே நீட்டினான்.

ஒரே போடு. கார்டு சில்லுச் சில்லாகப் போனது.

“அலமாரியில இருந்த குண்டு உருண்டு விழுந்துட்டு அண்ணாச்சி!” சில்லுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு டெனிஸ் மைதானத்தில் அழுத அழுகையில், ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களே அவனைத் தேற்ற வேண்டியதாயிற்று. வேறு வழியில்லாமல் நடுவர் சொன்னதே தீர்ப்பு என்றார் அண்ணாச்சி. கோப்பை முக்கூடலுக்குப் போனது.

“கேமரா எதற்கு சார், உங்கள் கண் போதும்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார் அதிகாரி. கோமதிசங்கரால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில், நடந்ததையெல்லாம் கேட்டு வாயில் கை வைத்தாள் டெனிஸின் மனைவி ஆன்லின்.

“அது கெடக்கட்டும். பந்து உள்ள விழுந்துதா, வெளிய விழுந்துதா? நீங்கதான படம் புடிச்சிய?”

“யாருக்குத் தெரியும்? கெட்டிமேளம் கேட்டதும் கை தன்னால சனத்துப் பக்கம் கேமராவத் திருப்பிட்டு. அண்ணாச்சி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கதுதான் அதுல இருந்துது” என்றான் டெனிஸ்.

“வெளிய தெரிஞ்சா பொழப்பு போயிருமேன்னு, கார்ட ஒடைக்கக் குண்டத் தூக்குதேன், சார் உள்ள வந்துட்டாவ!”