ஒரு தடவைக்கு ஒரு தப்பு

“பதினாறு தடவை ஒருத்தன் திருப்பி அனுப்பினா அதுக்குப் பேர் வேலை இல்லடா, பகை” என்றாள் அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

தம்பி அவள் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தான். வீட்டில் நாற்காலி ஒன்றுதான். அதில் அவன் இருப்பான். ஸ்டூலில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு சட்டைகளை எடுத்துவிட்டு, அதை நாற்காலி என்று அறிமுகப்படுத்தினான்.

அவன் கணினியின் அடிவயிற்றில் இருக்கும் கெர்னலுக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு சேமிப்பு வட்டைக் கணினியோடு இணைக்கும்போது, இதில் எழுதலாமா, இதிலிருந்து புரோகிராம் ஓடலாமா என்றெல்லாம் கெர்னலிடம் சொல்ல ‘சிஸ்டம் கால்’ என்கிற புதிய அழைப்பு ஒன்றை வடிவமைக்கிறான். ஒன்றரை வருடமாக, வீட்டிலிருந்தே, தனியாக. கடைசியாக அவன் வாய் திறந்து பேசியது போன வாரம், லிஃப்டில், “மூணாவது மாடி” என்று. லிஃப்டில் வேறு யாரும் இல்லை என்பது தனி விஷயம்.

அக்கா ஓர் அலுவலகக் கவுன்ட்டரில் விண்ணப்பங்கள் வாங்குகிறவள். ஆகவே அவள் பாஷையிலேயே விளக்கினான். பழைய சிஸ்டம் காலிடம் புரியாத எதைக் கேட்டாலும் பேசாமல் தலையாட்டிவிடும்.

“உங்க அத்தான் மாதிரி” என்றாள் அக்கா.

புதியது, புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும். ஆனால் நாளைக்கு என்னென்ன கேள்வி முளைக்கும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால் விண்ணப்பம் பின்பக்கமாக நீண்டுகொண்டே போக இடம் விட வேண்டும். பழைய குட்டி விண்ணப்பத்தோடு வந்தவரைப் புதிய கவுன்ட்டர் விரட்டக்கூடாது. புதிய நீள விண்ணப்பம் பழைய கவுன்ட்டருக்கு வந்தால், தெரியாத கட்டங்கள் காலியாக இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஏதாவது எழுதியிருந்தால் திருப்பிவிட வேண்டும்.

இதற்கா ஒன்றரை வருடம், எங்கள் ஆபீஸில் ஒரே சர்க்குலரில் முடித்திருப்பார்கள் என்றாள் அக்கா.

அவன் எழுதியதை எல்லாம் எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு மூத்த பொறியாளர் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவரை யாரும் பார்த்ததில்லை. கடிதத்தின் அடியில் இரண்டு எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். அக்கா அவருக்கு ‘முசுடு’ என்று பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொரு பதிப்புக்கும் முசுடு ஒரு தப்பு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும். சரியாக ஒன்று.

இன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு அடுத்த வெளியீட்டின் கதவு மூடுகிறது. தவறினால் வேலையை வேறு குழுவிடம் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி எழுதியே அனுப்பிவிட்டது. இப்போது மணி மூன்றரை. அதற்காகத்தான் அக்கா அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

முசுட்டின் பதினாறாவது கடிதம் திரையில் திறந்தே இருந்தது. தெரியாத கட்டங்கள் காலிதானா என்று பார்க்கும் வரியைக் காணோம், மற்றபடி நன்று, இங்கே மூன்று நாளாக மழை என்று எழுதியிருந்தது.

“வேலையை முடிச்சுக் குடுக்க வக்கில்லை, மழைக்கதை வேற. நானும்தான் விண்ணப்பத்தைத் திருப்பிக் குடுக்கறேன். ஆனா எல்லாத் தப்பையும் ஒரே தடவையில சிவப்பு மையில சுழிச்சுடுவேன். ஒரு தடவைக்கு ஒரு தப்பு சொல்றவன், ஆளை வேணும்னே அலைய விடறான்டா. கவுன்ட்டர்ல இருக்கிறவளுக்குத் தெரியாதா?”

“அவர் சொன்னது எல்லாமே சரிதான்க்கா.”

“சரியில்லைன்னு யார் சொன்னா? மொத்தமா ஏன் சொல்லலை?”

அவன் டீ போடப் போனான். ஒரே டம்ளரை இரண்டு தடவை கழுவினான். முந்தைய கடிதங்களை முதலிலிருந்து ஒரு தரம் படித்துவிடலாம் என்றான். நாலேகாலுக்கு அக்கா அவனைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

விட்டுப்போன வரியை அவன் எதையும் பார்க்காமல் மடமடவென்று அடித்தான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கா மூன்று நாள் ஆகும் என்று மெசேஜ் அனுப்பினாய் என்று அக்கா கேட்டாள். யோசிக்கத்தான் நேரம் ஆகும் என்றான். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் அந்தரத்தில் நின்றது.

“என்னடா?”

“இது போயிட்டா முடிஞ்சுதுக்கா.”

“முடியணும்னுதானே பஸ் ஏறி வந்தேன்” என்று அக்காவே அழுத்திவிட்டாள்.

நாலு நாற்பதுக்குப் பதில் வந்தது. பதினேழாம் பதிப்பில் குறை ஏதும் இல்லை, ஏற்கிறேன். அக்கா அவன் தலையைக் கலைத்துவிட்டு, அத்தானுக்குப் போன் போட்டு ஐந்து நிமிடம் பேசினாள். அந்தப் பக்கம் தலையாட்டல் நடந்திருக்க வேண்டும். தம்பி மட்டும், யாரையோ ரயிலேற்றிவிட்டு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

இன்னொரு கடிதம் வந்து விழுந்தது. எல்லோரும் படிக்கும் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு வரவில்லை. அவனுக்கு மட்டும் வந்திருந்தது. அவன் திறக்கத் தயங்கினான். முசுட்டுக்கு இன்னும் என்ன குறை என்று அக்கா திறந்து, சத்தமாகவே படித்தாள்.

“நான்காம் பதிப்பிலிருந்து, முன்பு சரியாக இருந்த ஒரு வரியை ஒவ்வொரு தடவையும் நீங்களே எடுத்துவிட்டு அனுப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்து உங்களுக்கு எழுதலாம் என்றுதான் நானும் பதின்மூன்று தடவை காலையில் எழுந்து உட்கார்ந்தேன்.”