உடைய வேண்டிய காய்

"நீங்க எல்லாம் ஒரு அண்ணனா? அந்தக் கையைப் பார்த்துமா இப்படிப் பேசுறீங்க?"

நல்லம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நவமணி வாசலுக்கே வந்துவிட்டாள்.

பக்கிரிசாமி அசையவில்லை.

"வேண்டிக்கிட்டது யாரு? உன் புருசன். என்னான்னு? சாமி ரதம் வர்றப்ப என் கையால இருபத்தொரு காய் உடைக்கிறேன்னு. அப்ப அவர்தான் உடைக்கணும்."

"அவருக்காக நீங்க உடைங்களேன்."

"நோய் எனக்கா வந்துச்சு?"

"அப்ப இடது கையாலயாவது..."

"பீச்சாங்கையால சாமிக்கா? நல்லா இருக்கு உன் பேச்சு."

திருநாவுக்கரசு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அவருக்குக் கன்னத்தில் புற்றுநோய். புகையிலை செய்த வேலை. பெரிய ஆஸ்பத்திரியில் கன்னத்தை வெட்டியெடுத்தார்கள். அந்தப் பள்ளத்தை அடைக்க வலது நெஞ்சுத் தசையைத் தோலோடு கிளப்பி, கழுத்து வழியாக மேலே கொண்டுவந்து தைத்தார்கள். கன்னம் பொருந்திவிட்டது. பேச்சு கொஞ்சம் குழறும், அவ்வளவுதான்.

நெஞ்சில் எடுத்தது கையில் தெரிந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வலது கை, இப்போது தோளுக்கு மேல் போக யோசித்தது. போனாலும் ஓங்கி இறக்க அதில் பலம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் வாசல் காவலுக்கு ஜாகா வேலை கிடைத்தது. கேட்டைத் திறந்து மூட வேண்டும். அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. கேட்டைத் தள்ளும்போது மட்டும் கன்னம் துடிக்கும். கண்ணடிக்கிறார் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"தசைக்கு வீடு மாறினது இன்னும் தெரியலைலா" என்று அவரும் சிரிப்பார்.

வேண்டுதல் ஆபரேஷனுக்கு முந்தி வைத்தது. கை இப்படி ஆகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

"மச்சான் சொல்றது சரிதான்" என்றார் திருநாவுக்கரசு. "நானே உடைக்கிறேன்."

நல்லம்மாள் உள்ளே போய்விட்டாள். அவள் பயம் வேறு. காய் உடையாமல் போனால்? அதற்கு ஒரே அர்த்தம்தான் அவளுக்குத் தெரியும். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில், நோய் திரும்பியிருக்கிறதா என்று மறுபடி வாயைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்.

ரதம் வரும் நாளில் டத்தோ கிராமாட் சாலை ஓரமெல்லாம் தேங்காய்க் குவியல். பக்கத்தில் ஒரு சீனக் குடும்பமும் தங்கள் வேண்டுதலுக்கு லாரி நிறையக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. பக்கிரிசாமி ஒரு சாக்கைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார்.

"ஜபருல்லா கடைக் காய். பார்த்துப் பார்த்துப் பொறுக்கினது."

நல்லம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தூரத்தில் மேளம் கேட்டது. திருநாவுக்கரசு சட்டைக் கையை மடித்தார்.

"சாக்குல இருந்து எடுங்க மாப்பிள்ளே."

"இல்ல மச்சான். முதல் காய், வீட்டுல சாமிகிட்ட வச்சுக் கும்பிட்டது."

மஞ்சள் பூசிய அந்தக் காயை எடுத்து, முடிந்தவரை உயர்த்தி, இறக்கினார். கன்னம் துடித்தது. காய் 'டொக்' என்று தாரில் பட்டு, எகிறி, உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. முழுசாக.

நவமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போதும், வாங்க வீட்டுக்கு" என்று நல்லம்மாள் கணவன் தோளைத் தொட்டாள்.

"எங்க போறது?" பக்கிரிசாமி அதட்டினார். "நீங்க எங்க மாப்பிள்ளே ஓங்கினீங்க? கையிலேருந்து நழுவ விட்டுட்டீங்க. அது கணக்கில்ல. இந்தாங்க."

"அண்ணே, உங்களுக்கு ஈவிரக்கமே இல்லையா?"

"நீ தள்ளு."

திருநாவுக்கரசு அடுத்த காயை வாங்கினார். "ஈரமா இருக்கே மச்சான்?"

"கழுவிக் கொண்டாந்தேன். சாமிக்கு இல்ல? போடுங்க."

போட்டார். உடைந்தது. வெள்ளை வெளேரென்று இரண்டு பக்கமும் சிதறி, தண்ணீர் அவர் கால்களை நனைத்தது. அவர் ஒரு கணம் தன் கையைப் பார்த்தார். பிறகு அடுத்தது. அதுவும் உடைந்தது. ரதம் நெருங்க நெருங்க, பக்கிரிசாமி எடுத்து எடுத்துக் கொடுத்தார். இருபத்தொன்றில் ஒன்றுகூடத் தவறவில்லை. சீனக் குடும்பத்துப் பெரியவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"நல்லம்மா, பார்த்தியா?" மூச்சு வாங்கச் சிரித்தார் திருநாவுக்கரசு. "கை இன்னும் செத்துடலை!"

ரதம் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் போய்விட்டது. கூட்டம் கலைந்தது. பக்கிரிசாமி அவசரமாகச் சாக்கைச் சுருட்டினார்.

"சாக்குல ஒண்ணு மிச்சம் இருக்கே" என்றாள் நல்லம்மாள், அண்ணன் முகத்தைப் பார்க்காமல். "வச்சுட்டுப் போங்க. சட்னிக்கு ஆகும்."

"அது வேணாம்."

"ஒரு தேங்காயிலயும் கஞ்சத்தனமா?"

சாக்கைப் பிடுங்கி, கையை உள்ளே விட்டுக் காயை எடுத்தாள். எடுத்த கையில் தண்ணீர் கசிந்தது. திருப்பிப் பார்த்தாள். காயின் வயிற்றைச் சுற்றி மயிரிழையாக ஒரு விரிசல். தானாக வந்ததல்ல. கத்தியின் முதுகால் பதமாகத் தட்டித் தட்டிக் கொண்டுவந்தது.

நிமிர்ந்தாள். பக்கிரிசாமி ரதம் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நல்லம்மா, என்ன இருக்கு அதுல? காட்டு பார்ப்போம்" என்று திருநாவுக்கரசு அருகில் வந்தார்.

நல்லம்மாள் காயைத் தலைக்கு மேல் ஓங்கி, நடு ரோட்டில் போட்டு உடைத்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. நானும் ஒரு காய் வேண்டியிருந்தேன்."